மயில் கூண்டு வேண்டாம் என்று ஏன் சொன்னோம்



மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். "கோயிலுக்கு மயில் வருதாமே, எப்போ?" என்று சிலர் கேட்கிறீர்கள். "வேணாம்னு தொண்டர்கள் சொல்லிட்டாங்களாம், இவங்க யாரு சொல்றதுக்கு?" என்று வேறு சிலர். நியாயமான கேள்விதான். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், மைலோ கலக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் கோயிலுக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக வந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவர், பேரனுக்கு உடம்பு முடியாமல் போனபோது முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை தேறி வந்துவிட்டான். "ஒரு ஜோடி மயிலும் அதுக்கு நல்ல கூண்டும் என் உபயம்" என்று நிர்வாகத்திடம் சொன்னார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். பேரு மட்டும் வேணாம், மத்ததை எழுதுங்க என்றார்.

தலைவர் விஷயத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். "தீனி வைக்கிறது, கழுவி விடுறது எல்லாம் நீங்கதானே. நீங்களே விசாரிச்சு ஒரு முடிவு சொல்லுங்க." பெர்ஹிலித்தானிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும், கூண்டு எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும், இதை விசாரிக்கத்தான் உட்கார்ந்தோம். விசாரணை எங்களை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

அதே மாதம் தேவார வகுப்புப் பிள்ளைகளை ஒரு மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்கனவே திட்டம் இருந்தது. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் விலங்குகள் மேல் அக்கறை இல்லாதவர்களும் இல்லை. அங்கே ஒரு புலி. கம்பியை ஒட்டி இடது பக்கம் போகும், ஒரு தூண் வரும், திரும்பும், வலது பக்கம் போகும், அங்கே ஒரு பாறை, மறுபடி திரும்பும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே கால். பிள்ளைகளுக்கு முதலில் கொண்டாட்டம். "நம்மகிட்ட வருது, நம்மகிட்ட வருது" என்று கத்தினார்கள். பத்து வயசுப் பிள்ளை ஒருத்தி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது வரைக்கும் எண்ணிவிட்டு, "அங்கிள், அது நம்மளைப் பாக்கவே இல்ல" என்றாள்.

எங்கள் குழுவில் பூக்கட்டும் பொறுப்பில் இருக்கிற ஆண்ட்டி பக்கத்தில் நின்றிருந்தார். சுபாங் ஜெயா ஊராவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் பால் மரக்காடு. அவர் குடும்பமும் தோட்டத்துக் குடும்பம்தான். புலியையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்: "தோட்டத்தை விட்டு ஃபிளாட்டுக்கு வந்த புதுசுல எங்கப்பா இப்படித்தான். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சிருவாரு. மரம் வெட்டப் போக மரம் இல்லை. ஐந்தடி வராந்தாவுல விடியிற வரைக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகிட்டே இருப்பாரு. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வைக்கல நாங்க."

அதன் பிறகுதான் நாங்கள் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தோம்.

இப்படி ஒரே செயலை அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதை ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகக் கவனித்து வருகிறார்கள். கரடி தலையை ஆட்டும், ஒட்டகச்சிவிங்கி கம்பியை நக்கிக்கொண்டே இருக்கும், சில பறவைகள் தங்கள் இறகைத் தாங்களே பிடுங்கும். 2003-இல் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு பேர் இங்கிலாந்திலிருந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஊனுண்ணிகளில் எது காட்டில் அதிக தூரம் சுற்றி வாழுமோ, அதுதான் அடைப்பில் அதிகமாக இப்படி நடக்கிறது என்று கண்டார்கள். பனிக்கரடிக்குக் காட்சிசாலையில் கிடைக்கிற இடம், இயற்கையில் அது சுற்றும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. சிங்கப்பூர்க் காட்சிசாலைக்குப் போன பலருக்கு இனுகா என்ற பனிக்கரடியை ஞாபகம் இருக்கும். 2018-இல் அது இறந்தது. இனிமேல் பனிக்கரடியே வைப்பதில்லை என்று அதற்குப் பல வருஷம் முன்பே அந்த நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது.

புலிக்குத் தீனி வேளா வேளைக்கு வருகிறது. மருத்துவர் வருகிறார். எதிரி கிடையாது. ஆனால் காட்டில் ஒரு புலியின் பொழுது எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லையைச் சுற்றிவர வேண்டும், மரத்தில் அடையாளம் வைக்க வேண்டும், மோப்பம் பிடிக்க வேண்டும், பதுங்க வேண்டும், பத்து தடவை பாய்ந்தால் ஒன்பது தடவை ஏமாற வேண்டும். வேலை எல்லாம் போய்விட்டது, கால் மட்டும் மிச்சம். இது தெரிந்துதான் நல்ல காட்சிசாலைகளில் இறைச்சியை ஒளித்து வைக்கிறார்கள், புது வாசனைகளைப் பூசி வைக்கிறார்கள், உணவை ஐஸ் கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுக்கிறார்கள். இதனால் அந்த நடை குறையும். முற்றாக நிற்பது அபூர்வம்.

யானை விஷயம் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போனவர்கள் எத்தனை பேர் "நாதஸ்வரத்துக்கு யானை ஆடுது பாருங்க" என்று வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்! கட்டிப்போட்ட யானை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் அசைவதும் அந்தப் புலி நடையும் ஒரே வகை. நாதஸ்வரம் நின்ற பிறகும் அது அசைந்துகொண்டுதான் இருக்கும். காட்டு யானைக் கூட்டத்தில் இந்த ஆட்டம் கிடையாது. 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கணக்கு ஒன்று எங்களை உலுக்கியது. ஐரோப்பியக் காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானையின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 19 வருஷம். பர்மாவில் மரம் இழுக்கிற யானைக்கு ஏறக்குறைய 42. மரம் இழுக்கிற யானைக்கு! வேலையாவது இருந்தது, கூட்டமும் இருந்தது, இரவில் காட்டில் மேய விடுவார்கள்.

தமிழ்நாட்டில் கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று 2023-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதே வருஷம் கேரளாவில் திருச்சூர் மாவட்டக் கோயில் ஒன்றில் இயந்திர யானை வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எங்களிலேயே உண்டு. இப்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

இதெல்லாம் படித்ததும் எங்களில் இளையவர்கள் இரண்டு பேர், "அப்போ எல்லா மிருகக்காட்சிசாலையையும் மூடிரணும்" என்று கிளம்பிவிட்டார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. நம் நாட்டுக் கதையே இருக்கிறது.

சுமத்ரா காண்டாமிருகம் தெரியுமா? உடம்பில் முடி இருக்கும், காண்டாமிருகங்களிலேயே சின்னது, நம் சிலாங்கூர்க் காட்டிலும் இருந்தது. வேட்டையிலும் காடழிப்பிலும் அது குறைந்துகொண்டே போக, பிடித்து வைத்து இனம் பெருக்கலாம் என்று 1984-இல் முடிவானது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 40 விலங்குகளைப் பிடித்தார்கள். சில இங்கேயே, சில அமெரிக்காவுக்கு, சில இங்கிலாந்துக்கு. முதல் பல வருஷங்களில் ஒரு குட்டிகூட அடைப்பில் கருவாகிப் பிறக்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன.

ஏன் என்று பார்த்தால், அந்த விலங்கின் குணம் யாருக்கும் தெரியாது. தனியாக வாழ்கிற பிராணி அது. ஆணையும் பெண்ணையும் ஒரே அடைப்பில் விட்டால் சண்டை போட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். சேர்க்க வேண்டிய நாள் எது என்று தெரியவில்லை. தீனியும் தவறு. வைக்கோலும் தானியமும் கொடுத்தார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டிக் காட்சிசாலையில் இபு என்ற ஆண் சாகக் கிடந்தபோது, கலிஃபோர்னியாவிலிருந்து அத்தி இனத்து இலைகளை விமானத்தில் வரவழைத்துக் கொடுத்தார்கள். எழுந்து நின்றுவிட்டது. அத்தி, அரசு, ஆல் எல்லாம் ஒரே குடும்பம். நாம் கோயிலில் சுற்றி வருகிற மரத்தின் சொந்தக்கார இலைதான் அதற்கு மருந்தாக இருந்தது.

அங்கே டெர்ரி ராத் என்ற விஞ்ஞானி பல வருஷம் உட்கார்ந்து கவனித்தார். ஆணோடு சேர்ந்தால்தான் பெண்ணுக்குக் கருமுட்டையே வெளிவரும் என்பதைக் கண்டுபிடித்தார். எமி என்ற பெண்ணுக்கு ஐந்து கரு கலைந்து, ஆறாவது தங்கியது. 2001 செப்டம்பர் 13-இல் அண்டலாஸ் என்ற ஆண் குட்டி பிறந்தது. அதற்கு முன்னால் இந்த இனம் அடைப்பில் குட்டி போட்டது 1889-இல், கல்கத்தாக் காட்சிசாலையில். இடையில் 112 வருஷம்! அண்டலாஸை 2007-இல் சுமத்ராவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது அப்பாவும் ஆகிவிட்டது.

நம் பக்கத்தில் நடந்தது வேறு. சிலாங்கூரில் சுங்கை டூசுனில் இருந்த மையத்தில் மிச்சமிருந்த ஐந்தும் 2003 கடைசியில் சில வாரங்களுக்குள் நோயில் இறந்தன. சபாவில் இருந்த கடைசிப் பெண் இமான், 2019 நவம்பர் 23-இல் புற்றுநோயில் போனது. அன்றோடு மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகம் இல்லை. உலகத்தில் எல்லாம் சேர்த்து ஐம்பதுக்கும் குறைவு என்கிறார்கள்.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? அடைத்து வைத்ததால் செத்தன என்றும் சொல்லலாம். அடைத்து வைத்துக் கற்றுக்கொண்ட பாடத்தால்தான் சுமத்ராவில் இன்று குட்டிகள் ஓடுகின்றன என்றும் சொல்லலாம். எங்கள் கருத்து, பிடித்த காலம் பிந்திவிட்டது, கவனித்துக் கற்ற காலம் அதைவிடப் பிந்திவிட்டது. இப்போது மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்கிறது 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பு. அந்தப் புலி நடையைப் பார்க்கும்போது இந்த எண்ணும் கூடவே ஞாபகம் வருகிறது. காட்டில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அடைப்பில் இருப்பதுதான் விதை என்று ஒரு நாள் ஆகலாம். விதை முளைக்க மண் வேண்டும். நம் நெடுஞ்சாலையும் செம்பனைத் தோட்டமும் காட்டைத் துண்டு துண்டாக்கிக்கொண்டிருக்கும்போது அதை எங்கே கொண்டுபோய் விடுவது?

இன்னொரு கதை இதைவிடச் சுவாரசியம். ஜூ நெகாராவுக்குப் போனவர்களுக்கு அந்த ஏரி தெரியும். 1963 நவம்பர் 14-இல் துங்கு திறந்துவைத்த இடம். அந்த ஏரிக்கரை மரங்களில் பெரிய நாரைகள் கூண்டே இல்லாமல் கூடு கட்டிக்கொண்டு, இஷ்டத்துக்கு வெளியே பறந்து போய் இரை தேடிவிட்டு வரும். மஞ்சள் அலகு, நெஞ்சில் கறுப்புப் பட்டை, வால்பக்கம் ரோஜா நிற இறகு. நம் ஊர்க்காரர்கள் மஞ்சள்மூக்கு நாரை என்பார்கள். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூட்டம் கூட்டமாக வருகிற அதே பறவை. கிள்ளான் பள்ளத்தாக்கு அதற்குப் பிறந்த ஊர் இல்லை, நம் கொள்ளுத்தாத்தா மாதிரி கொண்டுவந்து விட்டது. இப்போது புத்ராஜெயா ஈரநிலப் பூங்கா வரைக்கும் குடியேறிவிட்டது.

இந்த நாட்டுக்கே சொந்தமான இன்னொரு நாரை உண்டு. மலாயில் ஊப்பே என்பார்கள். உடம்பு பால் வெள்ளை. கடலோரப் பாக்காவ் மரக்காட்டில் வாழ்வது. பேராக்கின் மாத்தாங், கோலா குலா பக்கம் 1980-களில் நூற்றுக்கு மேல் இருந்தது, 2005 வாக்கில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஜூ நெகாரா 1987-இலிருந்தே இதை அடைப்பில் குஞ்சு பொரிக்க வைத்து, பிறகு கோலா சிலாங்கூரிலும் கோலா குலாவிலும் வெளியே விட்டுப் பார்த்தது. உலகத்திலேயே முதலில் செய்தவர்கள் இவர்கள்தான். நாம் பெருமைப்பட வேண்டிய வேலை.

ஆனால் பாருங்கள், கையில் மீன் வாங்கித் தின்று வளர்ந்த பறவைக்குச் சேற்றுக் கடலில் எந்த நேரம் நீர் வற்றும், எங்கே மீன் தேங்கும் என்று தாய் தந்தை சொல்லிக்கொடுத்ததில்லை. கோலா குலாவில் விட்டவை மீன் வளர்க்கிற குளங்களில் போய் நின்றன. சுலபமாகக் கிடைக்கிற இடத்துக்குத்தானே யாரும் போவார்கள்! இதற்கு மேல் இன்னொரு சிக்கல். ஏரியில் பக்கத்துப் பக்கத்து மரத்தில் இருந்த இரண்டு இன நாரைகளும் ஜோடி சேர்ந்துவிட்டன. இயற்கையில் பெரும்பாலும் தனித்தனி இடத்தில் வாழ்கிறவை இவை. கலப்புத் திருமணத்துக்கு நாங்கள் எதிரி இல்லை, எங்கள் குழுவிலேயே இரண்டு ஜோடி இருக்கிறது. ஆனால் ஒரு இனமே கொஞ்சம்தான் மிச்சம் என்னும்போது, பிறக்கிற குஞ்சில் லேசாக ரோஜா நிறம் தெரிந்தால் அதை ஊப்பே என்று காட்டில் விட முடியாது. சில கலப்புப் பறவைகள் பார்வைக்குச் சுத்தமான ஊப்பே மாதிரியே இருக்கும், மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2019-இல் அப்படிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கம்பியே இல்லாத இடத்தில்கூடப் பறவையின் பழக்கம் இப்படி மாறுகிறது. இதைப் படித்த ராத்திரிதான் மயில் கூண்டுக்கு எங்கள் பதில் முடிவானது.

கடையிலோ பண்ணையிலோ வாங்குகிற மயில் இந்திய நீல மயிலாக இருக்கும், அல்லது பச்சை மயிலோடு கலந்ததாக இருக்கும். இந்தத் தீபகற்பத்துக்குச் சொந்தமான பச்சை மயில் 1960-களோடு காட்டில் அற்றுப்போய்விட்டது. ஒரு ஜோடியைக் கூண்டில் வைத்து நாம் எந்த இனத்தையும் காப்பாற்றப் போவதில்லை. அது ஜூ நெகாரா மாதிரி ஆளும் மருத்துவரும் இடமும் உள்ளவர்களே திணறுகிற வேலை. மயிலுக்கு அந்தியில் உயரமான மரக்கிளை வேண்டும். ஆண் தோகை விரித்தால் ஆறடிக்கு நிற்கும், திரும்ப இடம் வேண்டும். மார்கழி காலை மூன்றரைக்கு அது அகவினால் பின் வரிசை வீட்டு அங்கிள் எங்களைத்தான் கூப்பிடுவார்.

குழுக் கூட்டத்தில் பெரியவரும் வந்திருந்தார். நாங்கள் எல்லாம் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இங்க பொறந்த புள்ளைங்க மயிலை வேற எங்க பாப்பாங்க? படத்துலயா?" இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பத்து வயசுப் பிள்ளை புலியை நேரில் பார்க்காமல் இருந்திருந்தால் நாற்பது வரைக்கும் எண்ணியிருக்க மாட்டாள், நாங்களும் இத்தனை படித்திருக்க மாட்டோம். அது உண்மை.

குருக்கள்தான் சொன்னார்: "சூரன் மயிலா மாறினப்ப முருகன் அவனைக் கூண்டுல போடல, வாகனமா ஏறிக்கிட்டாரு. புதுக்கோட்டை விராலிமலைக்குப் போயிருக்கீங்களா? முருகன் கோயிலச் சுத்தி மயில் தானா வரும், தானா போகும். அதுக்கு அங்க காடு இருக்கு. நமக்கு கார் பார்க் தான் இருக்கு." பெரியவர் சிரிக்கவில்லை. நம் கோயில் மர மயில் வாகனம் வர்ணம் போய், ஒரு இறக்கை ஆடிக்கொண்டிருக்கிறதல்லவா, அதைப் புதுப்பிப்பதை உபயமாக எடுத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகம் கேட்டது. "வேண்டுதல் எனக்கும் முருகனுக்கும் நடுவுல. யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கிறவர்கள் இதைப் பற்றி அவரிடம் வாதாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

அடுத்த பயணம் பற்றி. பள்ளி விடுமுறையில் தேவார வகுப்புப் பிள்ளைகளையும் வர விரும்பும் பெற்றோரையும் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். ஊப்பே கண்ணில் படுமா என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். கொக்கு, மீன்கொத்தி, சேற்றுத் தவளைமீன் எல்லாம் உண்டு. பக்கத்தில் புக்கிட் மெலாவாத்தியில் லோத்தோங் குரங்குகள் தோளில் ஏறி உட்காரும். வாழைப்பழமும் பயிற்றங்காயும் விற்பார்கள், வாங்கிக் கொடுக்க வேண்டாம். இந்தத் தடவை பிள்ளைகள் அவை தாமாக என்ன இலை தின்கின்றன என்று பார்த்து எழுதி வர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம்.

பேர் கொடுக்கிறவர்கள் பூக்கட்டும் மேசையில் ஆண்ட்டியிடம் கொடுங்கள். பழைய சப்பாத்து, தொப்பி, தண்ணீர் போத்தல் கட்டாயம். காலை உணவு கோயிலிலேயே கட்டித் தருகிறோம், இட்லியும் சம்பலும். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது அன்றைக்குக் கடல் எப்போது வற்றுகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாரைகள் சேற்றில் இறங்குகிற நேரம் அது. அநேகமாக விடியற்காலைப் பூசைக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டியிருக்கும். தேதி முடிவானதும் அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம்.

அன்புடன்,
தொண்டர் குழு, சுபாங் ஜெயா